ட்ராக் டே காருக்கு எந்த சஸ்பென்ஷன்: தானியங்கியா, திருகா?

கலிஃபோர்னியாவில் மான்டரே அருகே உள்ள லகூனா செக்கா பந்தயத் தடத்தின் எட்டாவது திருப்பத்துக்குக் 'கார்க்ஸ்க்ரூ' என்று பெயர். மேட்டில் ஏறிக்கொண்டே பிரேக் போட வேண்டும். உச்சியில் கார் லேசாகும். இடப்பக்கம் திருப்பியதும் தரை கீழே விழும். விழுந்து முடிவதற்குள் வலப்பக்கம் திருப்பியாக வேண்டும். இவ்வளவுக்குள் கார் இறங்கியிருக்கும் உயரம் 18 மீட்டர், ஏறக்குறைய ஆறு மாடி. சில வினாடிகளுக்குள் நான்கு ஸ்ப்ரிங்குகளும் நீண்டு, அமுங்கி, ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து விடுகின்றன. ஒரு காரின் சஸ்பென்ஷனைக் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையையும் அந்த ஒரு திருப்பம் கேட்டுவிடும்.

இந்தத் தடத்தில் கார் ஓட்டப் பந்தய வீரராக இருக்க வேண்டியதில்லை. ட்ராக் டே என்பது பந்தயம் அல்ல. பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரில், இருபது இருபத்தைந்து நிமிடங்களாக நாளுக்கு நான்கைந்து முறை சுற்றலாம். புதியவர் என்றால் பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இருப்பார். முன்னால் போகிறவர் கைகாட்டினால்தான் முந்தலாம். கோப்பை கிடையாது. திங்கட்கிழமை அதே காரில் அலுவலகம் போகும் என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் இங்கே நிறையப் பேர்.

நானும் சில வருடங்களாக ஒரு பழைய மாஸ்டா மியாட்டாவில் போய்வருகிறேன். புதிதாக வரும் நண்பர்கள் இரண்டாவது மூன்றாவது முறைக்குப் பிறகு தவறாமல் கேட்பது இதைத்தான்: "அடாப்டிவ் வாங்கலாமா, அட்ஜஸ்டபிள் போடலாமா?" இரண்டு சொற்களும் காதில் ஒரே மாதிரி விழுவதால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் முதலாவதைத் தானியங்கி என்றும், இரண்டாவதைத் திருகு என்றும் அழைக்கிறேன். முதலாவதில் கணினி தானே மாற்றிக்கொள்கிறது. இரண்டாவதில் நாம் குனிந்து ஒரு குமிழைத் திருகுகிறோம்.

எதை மாற்றுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். காரின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அமுங்கிய ஸ்ப்ரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தரும், கார் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கி வெப்பமாக்கி அடக்குவதுதான் டேம்பர். நம்மூரில் ஷாக் அப்சார்பர் என்பார்கள், ஆனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது உண்மையில் ஸ்ப்ரிங்தான். தானியங்கி, திருகு என்கிற பேச்சு பெரும்பாலும் டேம்பரைப் பற்றியது. ஸ்ப்ரிங்கைப் பற்றியது அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு அடக்க வேண்டும்? துள்ளல் ஒன்றுகூட இல்லாமல் கார் மெல்லத் தன் நிலைக்குத் திரும்பப் போதுமான அளவை மாறுநிலை அடக்கம் என்று பொறியியலில் படித்திருப்போம். சொகுசான சாலைக் காரில் அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு டேம்பர் இருக்கும். தடத்தில் உடல் அசைவைக் கட்டுப்படுத்த மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் போவார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ, அந்தச் சக்கரத்தில் ஸ்ப்ரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன். கார் வினாடிக்கு ஒன்றரை முறை துள்ள விரும்பும். மாறுநிலை அடக்கம் மீட்டர்-வினாடி வேகத்துக்குச் சுமார் 6,500 நியூட்டன். இதே காருக்குத் தடத்துக்கான 70 நியூட்டன் ஸ்ப்ரிங் போட்டால் துள்ளல் வினாடிக்கு இரண்டேகால் முறை. மாறுநிலை அடக்கம் 9,900 ஆகிவிடுகிறது. அதாவது ஸ்ப்ரிங்கை மாற்றியதுமே பழைய டேம்பர் ஒன்றரை மடங்கு பலவீனமாகிவிட்டது. டேம்பர் கெட்டுப்போகவில்லை, கேள்வி மாறிவிட்டது.

இனி தானியங்கி. காரில் பல வகை உண்டு. எண்ணெய் போகும் வழியில் மின்சாரத்தால் இயங்கும் வால்வு வைப்பது ஒரு வகை. போர்ஷே 2004-இல் 911 காரில் கொண்டுவந்த பிஏஎஸ்எம் இந்த வழியில் வந்தது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்து, பிஸ்டனில் மின்காந்தச் சுருள் சுற்றி வைப்பது. மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் சங்கிலி போலக் கைகோத்து நிற்க, எண்ணெய் கெட்டியாகிவிடும். இப்படிப்பட்ட திரவத்தை 1940-களின் இறுதியில் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் ஜேக்கப் ராபினோ உருவாக்கினார். அது காருக்குள் வர ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டெல்ஃபை நிறுவனம் மேக்னரைட் என்ற பெயரில் தயாரித்ததை 2002 கேடிலாக் செவில் காரில் ஜிஎம் பொருத்தியது. வினாடிக்கு ஆயிரம் முறை சாலையைப் படிக்கிறது என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் கார் ஒரு மில்லி வினாடியில் 2.8 சென்டிமீட்டர்தான் நகரும் என்பதை நினைத்தால் அந்த வேகத்தின் பொருள் விளங்கும்.

வன்பொருள் இருந்தால் போதாது, என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். இதற்கான அடிப்படை யோசனைகளில் ஒன்று 'ஸ்கைஹுக்'. காரை வானத்திலிருந்து ஒரு டேம்பரால் தொங்கவிட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கற்பனை டேம்பர் தரும் விசையை நிஜ டேம்பரால் முடிந்த மட்டும் நடிக்க வைப்பது. 1974-இல் இதை அரைச்செயல் டேம்பருக்கு எழுதிக்காட்டியவர்களில் ஒருவரான டீன் கார்னப், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். நாங்கள் போகும் தண்டர்ஹில் தடத்துக்கு டேவிஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவரை நினைப்பதுண்டு. ஒரு திருத்தம்: இதை 1992-இல் நைஜல் மான்செல் உலகப் பட்டம் வென்ற வில்லியம்ஸ் ஃபார்முலா 1 காரின் சஸ்பென்ஷனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பம்பு வைத்துக் காரைத் தூக்கவும் இறக்கவும் செய்தது. 1994 பருவத்திலிருந்து அதற்குத் தடை. நம் தானியங்கி காரைத் தூக்காது. எவ்வளவு எதிர்ப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கும்.

திருகு வகையில் இந்த மூளை இல்லை. டேம்பரின் தலையிலோ அடியிலோ ஒரு குமிழ். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் உள்ளே ஒரு ஊசி எண்ணெய் வழியைக் கொஞ்சம் அடைக்கும் அல்லது திறக்கும். ஒரு குமிழ் இருந்தால் பெரும்பாலும் ரீபவுண்ட், அதாவது டேம்பர் நீளும்போது தரும் எதிர்ப்பு மாறும். இரண்டு இருந்தால் அமுங்கும்போதான கம்ப்ரெஷனும் தனியாக மாறும். மூன்று, நான்கு குமிழ் உள்ளவற்றில் மெதுவான அசைவும் வேகமான அசைவும் பிரிக்கப்பட்டிருக்கும். இங்கே எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'லோ ஸ்பீட்', 'ஹை ஸ்பீட்' என்பது காரின் வேகம் அல்ல, டேம்பர் தண்டின் வேகம். மணிக்கு 200 கிலோமீட்டரில் மெல்லச் சாய்வது லோ ஸ்பீட். 60 கிலோமீட்டரில் திருப்பத்து ஓரக்கல்லில் ஏறிக் குதிப்பது ஹை ஸ்பீட். நெடுஞ்சாலைக்கு ஒன்று, ஊருக்குள் ஒன்று என்று எண்ணிக் குமிழைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய டேம்பர்கள் பெரும்பாலும் 'காயில்ஓவர்' என்ற ஒரே தொகுப்பாக வரும். காரின் உயரத்தை மாற்றலாம், வேண்டிய கடினத்தில் ஸ்ப்ரிங் தேர்ந்துகொள்ளலாம், மேற்பிடியில் சக்கரத்தின் கேம்பர் சாய்வையும் மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். திருகு வகையின் உண்மையான பலம் குமிழில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். தண்டர்ஹில்லில் இரண்டாவது திருப்பம் நீண்ட இடப்பக்க வளைவு. பாதி வட்டம், ஒரே ஆரம். மேக்னரைட் உள்ள மஸ்டாங் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அந்த வளைவில் முன்சக்கரங்கள் வெளியே தள்ளிக்கொண்டு போகின்றன, எந்த மோட் போட்டாலும் மாறவில்லை என்று குறைப்பட்டார். மாறாது. வளைவுக்குள் நுழையும்போது கார் சாயும், அப்போது டேம்பர் தண்டு நகரும், டேம்பர் பேசும். சாய்ந்து முடிந்து ஒரே நிலையில் சுற்றும்போது தண்டு அசைவதில்லை. அசையாத டேம்பர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அதன் விசை சுழி. அந்த நேரத்தில் பேசுவது ஸ்ப்ரிங், சாய்வைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார், கேம்பர், டயர் அழுத்தம் ஆகியவை மட்டுமே. அவருடைய முன் டயர்களைப் பார்த்தோம். வெளி ஓரம் மழுங்கித் தேய்ந்திருக்க, உள்பக்கம் புதிதாக இருந்தது. சாலைக்கான ஒரு டிகிரி அளவு கேம்பர். தடத்துக்கு இரண்டரை, மூன்று டிகிரி வேண்டும். கேம்பர் மாற்றும் மேற்பிடியைப் போட்டு, தானியங்கி டேம்பர்களை அப்படியே விட்டுவிட்டார். அந்த வளைவு சரியாயிற்று. சில நூறு டாலரில் முடிந்த வேலை. அவர் பல ஆயிரம் டாலருக்குத் திருகு டேம்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் தானியங்கியே போதுமா? ஷெவர்லே கமாரோவின் கதையைப் பார்த்தால் பதில் அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். ஒரே நிறுவனம், ஒரே உடல், இரண்டு தத்துவம். 2012-இல் வந்த இசட்எல்1 காரில் 580 குதிரைத்திறனும் மேக்னரைட்டும் இருந்தன. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தில் அதன் நேரம் 7 நிமிடம் 41.27 வினாடி. அடுத்து வந்த இசட்/28-க்கு 505 குதிரைத்திறன்தான். அதில் மின்னணு டேம்பர் இல்லை. கனடாவின் மல்டிமேட்டிக் செய்த, ஸ்பூல் வால்வு என்ற நுட்பத்தாலான டேம்பர். 2013-இல் 7 நிமிடம் 37.47 வினாடி. 75 குதிரைத்திறன் குறைவான கார் நான்கு வினாடி முந்தியது, அதுவும் சுற்றின் ஒரு பகுதி மழையில். அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான். 650 குதிரைத்திறன் இசட்எல்1 தானியங்கியோடு 7 நிமிடம் 29.60 வினாடி. அதே எஞ்சினுடன் ஸ்பூல் வால்வு டேம்பர் போட்ட 1எல்இ, 2017-இல் 7 நிமிடம் 16.04 வினாடி.

உடனே தானியங்கி தோற்றது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இசட்/28 நூறு கிலோவுக்கு மேல் எடை குறைந்தது, அதன் டயர் பந்தய டயருக்கு அருகில் நிற்பது, பிரேக் கார்பன்-செராமிக். 1எல்இ-க்கும் ஒட்டும் டயர், பெரிய பின்சிறகு. டேம்பருக்கு மட்டும் எத்தனை வினாடி என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்னைக் கவர்ந்தது வேறு. இசட்/28 டேம்பரில் திருகக் குமிழே கிடையாது! தானியங்கியும் இல்லை, திருகும் இல்லை. அந்த ஸ்ப்ரிங்குக்கும் அந்த டயருக்கும் அந்த எடைக்கும் பொறியாளர்கள் ஒரே ஒரு விடையைக் கண்டுபிடித்து உள்ளேயே பூட்டிவிட்டார்கள். எதற்காக, யார் அளந்து வைத்த டேம்பர் என்பது அது எந்த வகை என்பதைவிடப் பெரிய கேள்வி.

மென்பொருள்காரனாக இதைப் பார்த்தால் எனக்குப் பழக்கமான காட்சி ஒன்று தெரிகிறது. தானியங்கி என்பது வேறொருவர் எழுதிய நிரல். அவர் தேர்ந்தவர். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட தேவைப் பட்டியலில் குழந்தை இருக்கையும் பனிச்சாலையும் அவர் தந்த ஸ்ப்ரிங்கும் இருந்தன. உங்கள் 70 நியூட்டன் ஸ்ப்ரிங் இல்லை. அதை மாற்றினால் மேலே போட்ட கணக்கின்படி நிரலுக்கு அடியிலிருக்கும் எண்களே தவறாகிவிடும், அதை அதற்குச் சொல்ல வழியில்லை. அதிலும் காரின் தானியங்கி டேம்பரைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியும். அதை ஏமாற்ற ஒரு போலி மின்தடைப் பெட்டி தனியாக விற்கிறார்கள். திருகு என்பது நாமே நிரப்ப வேண்டிய அமைப்புக் கோப்பு. எழுதுகிறவர் சரியாக இருந்தால் அற்புதம். இல்லாவிட்டால் ஆபத்து.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. தண்டர்ஹில்லில் ஒருவர் பின்பக்க ரீபவுண்டை இறுதி வரை இறுக்கிவிட்டு வந்திருந்தார். கார் உறுதியாக இருப்பது போலத் தோன்றியதாம். மேடுபள்ளம் அடுத்தடுத்து வரும் இடத்தில் டேம்பர் நீள நேரம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் சக்கரம் மேலே ஏறும், இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு. கார் படிப்படியாகத் தரையை நோக்கி உட்கார்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பின் மேல் நிற்கும். அதன் பிறகு அங்கே சஸ்பென்ஷனே இல்லை. பின்பக்கம் வழுக்கி, கார் சுற்றிப் புல்வெளிக்குப் போயிற்று. சுவர் தூரத்தில் இருந்ததால் ஆளுக்கும் காருக்கும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் சாதாரணக் கார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பல, பந்தயத் தடத்தில் நடப்பதை விலக்கி வைத்திருக்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளுக்கென்று தனிக் காப்பீடு வாங்கலாம், பலர் வாங்குவதில்லை.

திருகு வகைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லித்தான். முழுவதும் மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்தது என்று எண்ணி எழுதுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேடு அப்படித்தான் கணக்கு வைக்கிறது. அவர்கள் சொல்லும் நடுநிலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்து வந்ததும் முதலில் சூடான டயரின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டேம்பர் மாற்றம் என்று நினைப்பதில் பாதி டயர் மாற்றம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு மூன்று கிளிக் மாற்றுங்கள். ஒரே ஒரு கிளிக் வித்தியாசத்தை உணர்ந்ததாகச் சொல்லும் புதியவர்களை நான் நம்புவதில்லை. திருப்பத்தில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்று பிரித்து எழுதுங்கள். நடுவில் என்றால் டேம்பரைத் தொடாதீர்கள். இவ்வளவு பொறுமை இல்லாதவருக்கு நான்கு குமிழ் டேம்பர் கொடுப்பது, நான்கு சக்கரத்திலும் சேர்த்துப் பதினாறு இடங்களில் தவறு செய்ய வழி கொடுப்பது. அவருக்கு நல்ல ஒரு குமிழ் டேம்பர் போதும்.

கார் ஒன்றுதான், அதிலேயே அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், வருடத்துக்கு நான்கைந்து நாள் தடம் என்று இருப்பவர்கள் தானியங்கி உள்ள காராகப் பார்த்து வாங்குவது நல்லது. தடத்துக்குத் தக்க காயில்ஓவர் போட்ட காரில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் அமர்ந்து போன மாமனார் மாமியார் அடுத்த முறை ரயிலில் வருவார்கள். தடத்துக்கென்றே இரண்டாவது கார் வைத்திருப்பவருக்குத் தானியங்கி தேவையில்லை. வயதான காரில் அது ஒரு பொறுப்பும்கூட. டேம்பர் எண்ணெய் கசிந்தால் தானியங்கியின் மாற்று விலை சாதாரண டேம்பரைப் போலப் பல மடங்கு. இரும்புத் துகள் வகையில் மின்சாரம் நின்றால் டேம்பர் தளர்ந்த நிலைக்குப் போய்விடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், நான்கு டேம்பர்களின் உடலிலும் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இன்னும் முதல் வருடத்தில் இருப்பவர் எதையும் வாங்க வேண்டாம். பிரேக் எண்ணெய், பிரேக் பேட், டயர், பயிற்றுநர் - பணம் அங்கே போகட்டும்.

இரண்டு வழிகளும் இப்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன. 2022-இல் அறிமுகமான போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காரில் டேம்பர்கள் மின்னணுவாலானவை. ஆனால் முன், பின் அச்சுகளின் ரீபவுண்டையும் கம்ப்ரெஷனையும் தனித்தனியே, ஓடும்போதே, ஸ்டியரிங் மேலுள்ள குமிழால் ஓட்டுநரே மாற்றலாம். தானியங்கிக்குள் ஒரு திருகு. விலையைப் பார்த்தால் என் மியாட்டாவைப் போல ஒரு டஜனாவது வாங்கலாம். மற்றவர்களுக்கு, தானியங்கி டேம்பரை வைத்துக்கொண்டே கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் மாற்றி, எண்களைத் தாங்களே எழுதிக்கொள்ளும் வழி சில கார்களுக்குக் கிடைக்கிறது. ஸ்ப்ரிங்கை மாற்றியவர்களுக்கு அது நல்ல தீர்வு. அதற்கும் அந்த நோட்டுப் புத்தகம் வேண்டும்.